சில்லுக்கு என்ன வயசு?

தொல்லியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரே ஓர் இடம்தான் காலி. நேர்காணலுக்குக் கடைசியாக வந்தவளிடம் பேராசிரியர் ஒரு மண்சில்லை நீட்டினார்.

"இதுக்கு என்ன வயசும்மா? உனக்கு முன்னாடி வந்தவங்க யாரும் ரெண்டாயிரம் வருஷத்துக்குக் கீழ இறங்கவே மாட்டேங்கிறாங்க!"

அவள் சில்லை வாங்கி அதன் ஓரத்தைத் தடவினாள். "இது... இன்னைக்குக் காலையில உடைஞ்சது சார்."

"எப்படிச் சொல்றே?"

"உடைஞ்ச ஓரத்துல அழுக்கே ஏறலை. விளிம்புகூட மழுங்கலை சார்."

பேராசிரியர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "பலே! இடம் உனக்குத்தான். இது வாசல்ல நான் வெச்சிருந்த ரோஜாத் தொட்டி. எந்தப் புண்ணியவான் உடைச்சானோ! அவனைப் பிடிக்கிறதுதான் உன் முதல் ஆராய்ச்சி."

"கண்டிப்பா சார்" என்றவள், ஈரச் செம்மண் அப்பியிருந்த செருப்பை நாற்காலிக்கு அடியில் மெல்ல இழுத்துக்கொண்டாள்.