சோதித்த அறை

அங்கே இருப்பவர்கள் மூவர்: மேலாளர் சோமசேகரம், இரும்பு வெட்டும் ஸ்டானிஸ்லாஸ், அவன் கூட்டாளி பிரையன். பாசிர் கூடாங் துறைமுகக் கரையில், கடலிலிருந்து இழுத்து வந்த எண்ணெய் மேடை பாதி வெட்டப்பட்டுக் கிடக்கிறது. அதன் பம்ப் அறை வாசல்வரைதான் மதிய வெயில், உள்ளே இருட்டு. போன மாதம் இதுபோன்ற அறையில் விஷவாயு இல்லையென்று சோதிக்காமலே கையெழுத்துப் போட்டவர் சோமசேகரம். உள்ளே போன ஸ்டானிஸ்லாஸின் தம்பி பிணமாகத்தான் வெளியே வந்தான். "சோதிச்சாச்சு, போய் வெட்டு லா," என்கிறார் சோமசேகரம். அவர் இடுப்பில் தொங்கும் வாயு மீட்டரின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. "சோதிச்ச இடந்தானே, பாஸ்? நீங்க முதல்ல போங்க," என்கிறான் ஸ்டானிஸ்லாஸ். பிரையன் போலியாக வியந்து பல்லைக் காட்டுகிறான். "அலமாக், பாஸுக்கே பயமா?" சோமசேகரத்தின் காது சிவக்கிறது. விறைப்பாக உள்ளே நுழைகிறார். ஸ்டானிஸ்லாஸ் இரும்புக் கதவைச் சாத்தி, வேலைக்கென்று தம்பிக்குக் கொடுத்திருந்த, அவன் பெயர் எழுதிய பூட்டைப் போட்டுப் பூட்டுகிறான்.