குசே கட்டிய அறை

நகோயா ஆய்வுக்கூடத்தில் யார் முகம் வாடினாலும், காரணம் தெரியும்வரை கணக்குப் பிரிவு மிட்சுயோவுக்குச் சோறு இறங்காது. இன்று உதவிப் பொறியாளன் நிஷியோ முற்றத்தில் குட்டி போட்ட பூனையாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

ஆர்டர் கொடுக்குமுன் சோதித்துப் பார்க்க வந்த கட்டுமான நிறுவனத்து ஓயாமா, சிலிக்கன் கார்பைடு பலகைகளால் மாதிரிக்காகக் கட்டிய அறையைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தார். கீறல்கூட விழவில்லை.

"விழாதுங்க," என்றான் நிஷியோ, அழாத குறையாக. "கரியும் சிலிக்கனும் அணுவுக்கு அணு கைகோத்து நிக்குது. வைர ரம்பம்தான் வெட்டும்."

ஓயாமா டிரில்லிங் மிஷினை எடுத்தார். அதன் முனை மழுங்கியது.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க, ஓயாமா-சான்!" என்று கெஞ்சினான் நிஷியோ.

மிட்சுயோவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா, நமக்கு இந்த ஆர்டர் வேணுமா, வேணாமா? உடையணும்னு வேண்டிக்கிறவன் மாதிரி நிக்கிறியே!"

"சும்மா இருங்கக்கா."

ஓயாமா வியர்வையைத் துடைத்தார். "ஆர்டர் உங்களுக்குத்தான். உங்க தலைமைப் பொறியாளர் குசே-சான் எங்கே? நான் பார்த்ததே இல்லை."

நிஷியோ மன்னிப்புக் கேட்டு இடுப்பு ஒடியக் குனிந்தான்.

"உள்ளே இருக்கார். கதவு ஓரத்துல வெளிச்சம் கசியுதான்னு பார்க்க, கதவுப் பலகையை அவரே உள்ளேயிருந்து சாத்திப் பார்ப்பார். அதுல பசை தடவியாச்சுன்னு சொல்ல மறந்துட்டேன். இறுகிடுச்சு. ஆர்டர் கிடைக்கிறவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக்கூடாதுன்னு உள்ளேயிருந்தே அவர் உத்தரவு. ரம்பம் சாயங்காலந்தான் வருது."

ஓயாமா டிரில்லிங் மிஷினைக் கீழே வைத்தார். என்ன ஆனாலும் முதல் சந்திப்பாயிற்றே, கார்டு மாற்றிக்கொள்ளாமல் இருக்கலாமா! தன் விசிட்டிங் கார்டை இரண்டு கைகளாலும் பிடித்து, சுவரில் காற்றோட்டத்துக்காக விட்டிருந்த பிளவில் நுழைத்துவிட்டுக் குனிந்து வணங்கினார்.

அதே பிளவு வழியாக இன்னொரு கார்டு, மிகுந்த பணிவோடு வெளியே நீண்டது.