வண்டிக்குப் பின்னால் ஒரு கேமரா

"இன்னா சார், இன்னிக்கும் என் வண்டி பின்னாலதானா?"

ஃபோர்க்லிஃப்ட்டை நிறுத்திவிட்டுக் கேட்டான் பகலவன்.

சரக்குக் கணக்கெழுதும் டாலி கிளார்க் மனோகரன் செங்கல் போலிருந்த கேமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லாரியைச் சுற்றிப் போனார். அதன் மேலிருந்த மரப்பெட்டியை அந்தப் பக்கமாக ஒரு படம் எடுத்தார். பகலவன் பெட்டியை இறக்கி வைத்ததும் இன்னொரு படம். எடுத்த கையோடு அடுத்த லாரியைப் பார்க்கப் போய்விட்டார்.

திருவொற்றியூர் குடோனில் மூன்று வருஷமாக இதே கதைதான்.

கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த டிஜிட்டல் கேமரா அது. பிலிம் கிடையாது. கம்ப்யூட்டரில் போடுகிற பிளாப்பியையே அதன் வயிற்றில் செருக வேண்டும். ஒரு படம் எடுத்தால் கர்ர்ரென்று ஐந்தாறு விநாடி முனகும். ஒரு பிளாப்பிக்கு இருபது படம்தான்.

"கழுவத் தேவையில்ல, பிரிண்ட் போடத் தேவையில்ல. எடுத்த ஒடனே பின்னாடி டிவி மாதிரி தெரியும், பாரு!" என்று காலடிப்பேட்டை முழுக்கக் காட்டிப் பெருமையடித்தவர், வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளை எடுத்தோமா வைத்தோமா என்றில்லாமல் அதைக் குடோனுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததுதான் பேஜாராகப் போயிற்று.

"எவன் பொட்டிய ஒடைக்கிறான்னு கையும் களவுமாப் பிடிச்சிரலாம் சார்" என்று சொல்லித்தான் மேனேஜரிடம் அனுமதி வாங்கினாராம். டீ கொண்டுபோன கன்னியம்மா காதாரக் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் 'போட்டுக்கொடுக்கிற கேமரா'. மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் டப்பாவைத் திறப்பதில்லை.

மற்றவர்களைவிட பகலவனுக்குத்தான் எரிச்சல் அதிகம். புளியந்தோப்பில் அவன் அப்பா தலையில் சுமந்த சரக்கை இவன் லீவரைப் பிடித்துத் தூக்குகிறான். இரண்டு டன் பெட்டியைத் தரையில் வைத்தாலும் சத்தம் வராது. அதில் அவனுக்கு ஒரு மிதப்பு உண்டு. அப்படிப்பட்ட கைக்குப் பின்னால் ஒருவர் குற்றம் தேடிக்கொண்டு அலைந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அரை மணி நேரம் போயிருக்கும். மேனேஜர் ரூமிலிருந்து ஆள் வந்தது.

உள்ளே சரக்குக்காரரின் ஏஜென்ட் குதித்துக்கொண்டிருந்தார். "பெட்டி மூலை ஒடஞ்சு உள்ள மெஷினே நசுங்கிப் போச்சு சார்! ஃபோர்க்லிஃப்ட்ல குத்திட்டான்!"

"நான் ஒடைக்கல சார்" என்றான் பகலவன். "ஒடஞ்சது அந்தாண்ட பக்கம். என் சீட்ல இருந்து பாத்தா தெரியாது."

"பெட்டி தானா ஒடஞ்சுதா? நாளையிலேர்ந்து வேலைக்கு வராத." மேனேஜர் அதற்குமேல் அவனைப் பார்க்கக்கூட இல்லை. "மனோகரனைக் கூப்பிடுங்க. படத்தோட ஃபைல் பண்ணிடலாம்."

பகலவன் குரலை உயர்த்தினான்.

"கூப்டுங்க சார், நல்லா கூப்டுங்க. மூணு வருசமா இதுக்குத்தான காத்துகினு இருந்தாரு!"

மனோகரன் வந்தார். விஷயத்தைக் கேட்டார். கேமராவிலிருந்து பிளாப்பியை உருவி, கம்ப்யூட்டரில் போட்டார். படம் மேலேயிருந்து வரி வரியாக இறங்கி வந்தது.

முதலில் வானம். அப்புறம் லாரியின் தலை. அப்புறம் பெட்டி. கட்டிய கயிறு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. மூலைப் பலகை அப்போதே பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. பகலவனின் வண்டி பத்தடி தள்ளி நின்றது.

மேனேஜர் ஏஜென்ட் பக்கம் திரும்பினார்.

"லாரி ஆபீசுக்கு ஒரு போன் போடணும்" என்று ஏஜென்ட் எழுந்தார்.

"சரி சரி, போய் வேலையப் பாரு" என்றார் மேனேஜர்.

வெளியே வந்த பகலவன் வண்டியிடம் போகவில்லை. மனோகரன் பின்னாலேயே அவர் மேஜை வரைக்கும் போனான். மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

மனோகரன் பிளாப்பியை வைக்க டிராயரை இழுத்தார். உள்ளே நாலு டப்பா நிறைய பிளாப்பி. ஒவ்வொன்றிலும் நீல மையில் ஒரே பெயர். பகலவன். பகலவன். பகலவன்.

நன்றி சொல்ல வந்தது மறந்துபோயிற்று.

"இத்தினியும் எம்பேர்லயா? இன்னிக்கு என்னக் காப்பாத்திட்டீங்க, சரி. அதுக்காக, என் ஒருத்தன் மேல இவ்ளோ சந்தேகமா சார்?"

"எல்லார் பேர்லயும் கீது, மத்த டிராயர்ல. மெஷின் சரக்கு பூரா நீதான தூக்குறே, அதான் உன்னுது ஜாஸ்தி."

"அப்போ மேனேஜராண்ட எங்களப் புடிச்சிக் குடுக்கறேன்னு சொன்னது?"

"வேற இன்னா சொன்னாலும் அந்தாளு கேமராவ கேட்டுக்குள்ள உட்டிருப்பானா?"

மனோகரன் சட்டை நுனியால் கேமராவின் கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம்தான் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு வருசத்துல நானூத்திப் பன்னெண்டு பொட்டி எறக்கிருக்கே, பகலவா. உன் கையால ஒண்ணுல கூட ஒரு கீறல் வுழல. நீ வாயால சொன்னா எவன் நம்புவான்? அதான் எட்த்து வெச்சிகினு வர்றேன்."