ரொனால்டின் புதுப்பாட்டு

நாகல் நகரில் ஆனந்தமேரி வீட்டு மாடி ரூமில் கத்திக் கத்திப் பழகிய பங்க் ராக் பேண்டு, இப்போது ஊர் ஊராக மேடை ஏறுகிறது. டிரம்மர் டோனி புதுப்பாட்டைப் போனில் போட்டுக் காட்டினான்.

"நீங்கெல்லாம் இம்புட்டு வளந்துட்டீக. எம்மகன் ரொனால்டு குரல் மட்டும் மாறவே இல்ல," என்றாள் ஆனந்தமேரி.

"அவன் பழைய பாட்டையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் குடுத்தோம், ஆன்ட்டி. நாங்க எழுதுற வரிய அது அவன் குரல்லயே பாடிரும். போன வாரம் முடிச்சோம்."

இரண்டு வருஷமாகச் சுவரில் மாலையோடு தொங்கும் மகனின் படத்தை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

பாட்டு முடிந்ததும் அதே குரல் கேட்டது: "மாடி ரூம ஏம்மா பூட்டுன?"

டோனி வெளிறிப்போனான். "இத நாங்க எழுதலயே, ஆன்ட்டி!"

"அவன் போனதுலருந்து தொறந்தேதான் கெடந்துச்சு," என்றாள் ஆனந்தமேரி, சாவியைத் தேடியபடி. "இன்னிக்குக் காலைலதான் பூட்டுனேன்."