இருநூற்றுப் பன்னிரண்டு

விலங்கியல் மாணவி தென்றல், 1998இல் ஒரு வருடப் பயிற்சிக்காக டெக்சாஸில் ஓர் ஆய்வு நிலையத்துக்குப் போனாள். கூண்டில் சிக்கும் எலிகளின் காதில் தனித்தனி எண் தகடு மாட்டித் திருப்பி விடுவதுதான் வேலை. அவளிடம் கார் இல்லை. அதே மாநிலத்தில் பேர்லேண்டில் இருந்த பெற்றோர் வீட்டுக்குக் காரில் நாலு மணி நேரம். பயிற்சியைப் பாதியில் விட்டு வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னதற்கு அப்பா, "ஒரு வருஷம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, டிகிரி வேணும்ல" என்றார்.

ஏப்ரலில் ஒரு காலை, இரண்டு கூண்டுகளில் இரண்டு எலிகள். இரண்டின் காதிலும் 212. இரண்டுக்கும் வலது காலில் ஒரே மாதிரித் தழும்பு.

நிலையத்தை நடத்திய யாழ்ப்பாணத்து றெஜினா ஆன்ட்டி வந்து பார்த்தார். "ஒண்டை விட்டிடு பிள்ளை."

"எதை ஆன்ட்டி?"

"எதையெண்டாலும். மற்றது இஞ்சயே இருக்கட்டும்."

மே கடைசியில் பயிற்சி முடிந்தது. மதியம் வருவதாகச் சொன்ன அப்பாவுக்காகத் தென்றல் காலையிலிருந்தே பெட்டியோடு வாசலில் நின்றாள். ஒரு காரும் வரவில்லை. மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு போன் செய்தாள்.

"அம்மா, அப்பா இன்னும் வரலையே?"

"யாரும்மா நீ? தென்றல் ஃப்ரெண்டா? அவ இப்பத்தான் அவங்கப்பாகூட வந்து சாப்பிட உட்கார்ந்தா. இரு, கூப்பிடறேன்."

நாற்காலி நகர்ந்தது. காலடிகள் நெருங்கின. யாரோ ரிசீவரை வாங்கினார்கள்.

"ராங் நம்பர்மா," என்றது மறுமுனையில் தென்றலின் குரல். போன் வைக்கப்பட்டது.