ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிளம்பும் வண்டி

வண்டியைத் தொடாமல் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

தொடக்கூடாது என்பது மெக்கானிக்கின் உத்தரவு. கடைக்கு ஓட்டிக்கொண்டு போனால் வழியிலேயே இன்ஜின் சூடாகி, வண்டி நல்ல பிள்ளையாகிவிடுகிறது. ஆறிக் கிடக்கும்போது பார்த்தால்தான் கோளாறு பிடிபடும், காலையில் நானே வீட்டுக்கு வருகிறேன் என்று நேற்றுச் சொல்லியிருந்தான். மனைவியிடம் நான் மூச்சுவிடவில்லை. மறுபடியும் செலவா என்பாள்.

விடிந்துவிட்டது. ஆளைக் காணோம்.

என் சட்டைப்பையில் தையல் ஆலையின் சாவி கனத்தது. நான் போனால்தான் கேட் திறக்கும். இந்த மாதம் பாதி நாள் பெண்கள் வெளியே குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். இன்னொரு தடவை தாமதமானால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துத் தூங்கு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இந்த வயதில் வேறு வேலைக்கு நான் எங்கே போவேன்?

ஒரு மாதமாக இதே கூத்து. காலையில் சோக்கை இழுத்துவிட்டு உதைப்பேன். இருமும், அடங்கும். உதைத்து உதைத்து முட்டி வீங்கியதுதான் மிச்சம். பிளக் மாற்றியாயிற்று. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. மைலேஜ் வேறு குறைந்துகொண்டே வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரே உதையில் கிளம்பும். அன்றைக்குப் பால் வாங்கப் போவது நான். மற்ற நாட்களில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே மனைவி போய் வாங்கி வந்துவிடுவாள். எனக்கு எப்போது லீவு என்பது இந்த வண்டிக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

கிளம்பாவிட்டால் வேலை போய்விடும் என்று பயம். கிளம்பினால் இன்னொரு பயம்.

போன மாதம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது நான் தரையில், வண்டி என் மேல். மணலில் வண்டி வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். டாக்டரிடம் போகவில்லை. போனால் வண்டியைத் தொடாதே என்பார். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. அன்றிலிருந்து சிக்னலில் சிவப்பு விழுந்தால் கண்ணைக்கூடச் சிமிட்டுவதில்லை.

பக்கத்து வீட்டு ஸ்கூட்டரின் சீட்டெல்லாம் பனி. எங்கள் வண்டியின் சீட்டு காய்ந்திருந்தது. மனைவி துடைத்து வைத்திருப்பாள். பாவம், அவளுக்கும் கவலை. நேற்று இஸ்திரிப் பெட்டியில் கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். நீ காலிலா இஸ்திரி போடுகிறாய் என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஒருவழியாக மெக்கானிக் வந்து சேர்ந்தான். ஸ்பேனரை எடுக்கவில்லை. முதலில் இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தான். வெடுக்கென்று எடுத்துவிட்டு என்னை முறைத்தான்.

“தொடாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே அண்ணே! இப்பத்தானே ஓட்டிட்டு வந்து நிறுத்தியிருக்கீங்க?”

“சத்தியமா இல்ல தம்பி.”

நானும் கை வைத்தேன். டீ கிளாஸ் மாதிரி சுட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருடன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எடுத்த வண்டியை எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துகிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான்? வண்டிச் சாவியோ ராத்திரி முழுக்கச் சமையலறை ஆணியில் தொங்குகிறது.

மெக்கானிக் என்னிடம் சாவியை வாங்கினான். சோக்கைத் தொடவே இல்லை. ஒரே உதை, கிளம்பிவிட்டது.

“வண்டில ஒண்ணுமே இல்லண்ணே. சோக் ஆறின வண்டிக்கு. சூடா இருக்கிறதுக்குத் தினமும் அதை இழுத்துவிட்டா, பெட்ரோல் ரொம்பி மூச்சு முட்டாம என்ன செய்யும்?”

சத்தம் கேட்டு மனைவி வாசலுக்கு வந்தாள். கையில் இன்னும் பிரிக்காத பால் பாக்கெட். மெக்கானிக்கைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

நான் சைலன்சரைப் பார்த்தேன். பிறகு அவள் காலைப் பார்த்தேன். புடவை ஓரத்துக்குக் கீழே பிளாஸ்திரி தெரிந்தது.

மெக்கானிக்கும் பார்த்திருக்க வேண்டும். நாளைக்குக் கடைப்பக்கம் வாங்கண்ணே என்று முனகிவிட்டு, திறக்காத பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்புவாளாம். பால்கடைக்காரம்மாதான் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாராம். வண்டியின் கரகரப்புக்கு நடுவே தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

“நீங்க விழுந்த அன்னிக்கு உங்க சட்டையை நான்தானே துவைச்சேன். அதுல ஒரு பொட்டு மணல்கூட இல்லீங்க.”

பால் பாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாள். முதலில் ஆலைக்குப் போய் கேட்டைத் திறந்துவிட வேண்டும், அப்புறம் நேராக டாக்டரிடம் என்றாள். அதில் பேச்சுக்கே இடமில்லை என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. என் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டேன்.

முதல் சிக்னலிலேயே சிவப்பு விழுந்தது. அவள் மெதுவாக பிரேக் பிடித்து, இரண்டு காலையும் ஊன்றி நின்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.