ஒரே ஓர் இடம்

வவுனியா பஸ் நிலையத்தில் காலை வெயில் கொழும்பு பஸ்ஸின் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது. மூன்று வாரக் கல்விப் பயணமாக ஜப்பான் போகும் பிரஷாந்தினியை வழியனுப்ப, கூடப் படிக்கும் சுகிர்தா கிளிநொச்சியிலிருந்து ஓமந்தைச் சோதனைச்சாவடி வரிசையில் நின்று வந்திருக்கிறாள். தன் சுவெட்டரைத் தோழியின் பைக்குள் திணிக்கிறாள். "அங்க சரியான குளிராம். கொண்டு போ." கல்லூரிக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம். அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லி சுகிர்தா தந்த விண்ணப்பத்தைப் பிரஷாந்தினி கொடுக்கவேயில்லை. "நான்தான் ஏதோ பிழையா எழுதிப்போட்டன் போல," என்று சுகிர்தா சிரிக்கிறாள். "வாற வருஷம் நீ எழுதித் தாறியே?" பிரஷாந்தினி பையை இழுத்து மூடுகிறாள். "ஓம், எழுதித் தாறன்." பஸ் நகர்கிறது. சுகிர்தா யன்னலோடு கூடவே நடந்து கையசைக்கிறாள். பிரஷாந்தினியால் கையைத் தூக்க முடியவில்லை.